முன்வரிசைக்காக நான் வாதாடிய நாள்

மேடையேறி எதிரணியை மடக்கிய பெருமை எனக்குச் சிறிது உண்டு. ஆயினும் நான் வென்ற முதல் வழக்கு எந்த மேடையிலும் நிகழவில்லை. ராயப்பன்பட்டியில், எங்கள் திராட்சைப் பந்தலின் கீழ், ஒரு கால்பந்து ஆட்டத்தின் பொருட்டு நிகழ்ந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு மாணவி.

மாதா கோவில் திருவிழாவையொட்டிப் பக்கத்து ஊர்ப் பங்கு அணியோடு எங்கள் அணி மோதும். அதை வெறும் விளையாட்டு என்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரத்தில், எவர் தோட்டத்தில் பழவெட்டு நடக்கிறதோ அங்கேயே அணித்தேர்வும் நடந்துவிடும். கொத்தை வெட்டுவதும், சொத்தைப் பழத்தைக் கத்தரிப்பதும், பெட்டியில் அடுக்குவதும் கைகளின் வேலை. வாய்க்கு அங்கே வேலையில்லை. எனவே கவிழ்த்த பெட்டியொன்றின் மேல் திராட்சைகளை ஆட்டக்காரர்களாக நிறுத்தி, ஊர் ஆண்கள் வாதாடுவார்கள். வாதத்தில் தோற்று நீக்கப்படும் ஆட்டக்காரர் அங்கேயே தின்னப்படுவார்.

அவ்வாண்டு பின்வரிசை சுவரென நிற்கும் என்பதில் இரு கருத்தில்லை. சிக்கல் முன்வரிசையில் இருந்தது. அதன் நடுவே நின்ற பழம் என் சித்தப்பா. அவர் கோல் போடுவார் என்று வகுப்பு முழுவதற்கும் நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சித்தப்பாவின் உயிர்த்தோழர் என் தாய்மாமா. அவரே வழக்கைத் தொடுத்தார் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது.

"மச்சான், வருத்தப்படக் கூடாது. அவனுக்கு ஓட்டம் கொறைஞ்சு போச்சு. முன்வரிசையே பந்தக் கண்டா கும்பிட்டு வழி விடுதுன்னு பாத்தவுக சொல்றாக."

அப்பா கத்தரியைக் கீழே வைக்கவில்லை. "போன வருசம் கோல் போட்டது யாரு மாப்ள, ஒங்க தாத்தாவா?"

"போன வருசத்துக் கொத்த இந்த வருசம் வெட்ட முடியுமா மச்சான்?"

பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்பின் துணிவில் மாமா, சித்தப்பாவாகிய பழத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

நான் ஒரு காலிப்பெட்டியின் மேல் ஏறினேன். பள்ளியில் கற்ற முறைப்படி அவைக்கு வணக்கம் சொன்னேன். முன்வரிசை என்பது வீட்டின் வாசற்படி போன்றது என்றேன். படி தேய்ந்திருக்கிறதென்று எவரும் பெயர்த்தெறிவதில்லை என்றேன். சித்தப்பா விரைந்து என்னருகில் வந்தார். கொத்திலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி என் வாயில் இட்டார். விழுங்கிவிட்டுத் தொடர்ந்தேன். இன்னொன்று இட்டார். அதையும் விழுங்கினேன். அவர் ஊட்ட ஊட்ட என் குரல் உயர்ந்தது.

முடிவில் அப்பா அந்தப் பழத்தை மாமாவின் விரல்களிலிருந்து வாங்கி, முன்வரிசையின் நடுவே திரும்ப வைத்தார். "ஆத்தா பேசுனதுக்கு அப்பறம் நான் என்னத்தப் பேச" என்று மாமா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். அடக்கம் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்வரை இரு அணிக்கும் கோல் இல்லை. அப்போது பந்து சித்தப்பாவின் காலுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பர் ஒருவர்தான். நெடிய மனிதர், தடித்த மீசை. சித்தப்பா உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து வாழைத்தோப்புக்குள் இறங்கியது. அதை எதிரணியினர் மீண்டும் ஆடுகளத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் சுவர் அசந்திருந்த வேளையில் கோலும் போட்டார்கள். ஊரே சித்தப்பாவைத் திட்டிக்கொண்டு கலைந்தது. அந்த மீசைக்காரர் மட்டும் அவர் கையை நெடுநேரம் பற்றிக்கொண்டு நின்றார். நான் அழுதேன்.

அடுத்த ஞாயிறு பூசையில், நிச்சயமான மணங்களை அறிவிக்கும் திருமண ஓலை வாசிக்கப்பட்டது. மணமகன், எங்கள் சித்தப்பா. மணமகள், பக்கத்துப் பங்கைச் சேர்ந்தவர். அந்தக் கோல்கீப்பரின் தங்கை. ஓலை வாசிக்கும்வரை சம்பந்தத்தை வெளியே சொல்வதில்லை என்பது எங்கள் குடும்பத்து வழக்கம்.

"அதான பாத்தேன், பந்து எதுக்கு வாழைத்தோப்புக்குப் போச்சுன்னு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கோவிலே குலுங்கியது. பங்குச் சாமியார் சற்று நிறுத்தித்தான் அடுத்த ஓலையை வாசிக்க முடிந்தது. அனைவரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் வேண்டுமென்றே உயர்த்தி அடித்தாரா, கால் நடுங்கியதா என்பதைச் சித்தப்பா இன்றுவரை சொன்னதில்லை. "அவுக ஒதைக்கு எப்பவுமே அந்த ஒசரந்தான்" என்பது சித்தியின் தீர்ப்பு. தன்னை ஆட்டத்திலிருந்து எப்படியாவது நீக்கிவிடும்படி சித்தப்பா கெஞ்சியதால்தான் மாமா அப்படிப் பேசினார் என்பதையும் சித்திதான் எனக்குச் சொன்னார். அப்பாவுக்கும் எல்லாம் தெரியுமாம். சம்பந்தம் வேறு, ஆட்டம் வேறு என்ற கட்சி அவர்.

நானோ, என் வாதத்திறனுக்குக் கிடைத்த முதல் பரிசு அந்தப் பழங்கள் என்று நம்பினேன். ஒரு மனிதர் என் வாயை அடைக்க அரும்பாடு படுகிறார் என்பதறியாமல், ஒவ்வொன்றையும் விதையோடு விழுங்கிவிட்டு, இன்னும் உரக்கப் பேசினேன்.