கெட்டுப்போக எங்கள் ஊருக்குத்தான் டிக்கெட்டா?

இன்று மதியம் மகளைப் பெண் பார்க்க சேலத்திலிருந்து வந்தார்கள், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே. லுங்கியோடு கதவைத் திறந்தேன். போதாக்குறைக்கு அழுதுகொண்டிருந்தேன். சீரியலில் கதாநாயகி வீட்டை விட்டுப் போகும் கட்டம்.

டிவியை அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும்ங்க, நானும் இதத்தான் பாக்கறேன்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கதாநாயகி பெங்களூரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அடுத்த காட்சியிலேயே கையில் பீர் பாட்டில்.

படமோ சீரியலோ, ஒரு பெண் கெட்டுப்போக வேண்டுமென்றால் எங்கள் ஊருக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். இங்கே எங்கள் ஸ்ரீராம்புரத்தில் விடியுமுன் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடும் பெண்கள் எந்த டைரக்டர் கண்ணிலும் படுவதில்லை.

அந்த அம்மா என் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "பெங்களூர் பொண்ணுன்னாலே கொஞ்சம் யோசனையாத்தாங்க இருக்கு. இதுலயே காட்றாங்களே."

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் என் மகள், முகம் சுருங்கி உள்ளே போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்ததோ, "காப்பி ஆறுதுங்க."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் காப்பியோடு சேர்த்து விழுங்கியது இதுதான்:

"உங்க பையனும் நாலு வருஷமா இதே பெங்களூர்ல, பொம்மனஹள்ளியிலதானேம்மா ரூம் எடுத்துத் தங்கியிருக்காரு?"