மேஜர் போடாத கையெழுத்து

2002 ஜனவரி 20, ஞாயிறு, காலை ஏழு மணி பத்து நிமிடம். மூடுபனியில் டெல்லி மோதி பாக் பூங்காவின் மூன்றாவது பெஞ்சுகூடத் தெரியவில்லை. மப்ளரை மூன்று சுற்றுச் சுற்றியும் எனக்கு மூக்கு ஒழுகியது. மனுவும் அதன் அறுபது பிரதிகளும் நனைந்துவிடுமோ என்று கோட்டுக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பார்லிமென்ட் தாக்குதலுக்குப் பிறகு எல்லைக்குப் படைகள் போயிருந்த நேரம். காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்றவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து அரசாங்கத்துக்கு மனு எழுதியிருந்தோம். தீவிரவாதி பதுங்கியிருக்கும் வீட்டை, உள்ளே வேறு யார் இருந்தாலும் தயங்காமல் தகர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். வாசகம் என்னுடையது. முதல் கையெழுத்து பக்கத்து பிளாக் மேஜருடையது என்று முடிவாயிற்று. திருநெல்வேலிக்காரர், ஓய்வுபெற்றவர். காஷ்மீரில் கேப்டனாக இருந்த அவர் மகன், இடது கையில் குண்டு பாய்ந்து பத்து நாளாக ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவரைவிட யாருக்கு உரிமை?

அவர் நின்றபடியே படித்தார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார். பிறகு மகன் அடிபட்டதைச் செய்தி வாசிப்பவர்போலச் சொன்னார். வளைத்த வீட்டில் துப்பாக்கியோடு இரண்டு பேர், கூடவே வீட்டுக்காரர்கள். அவர்கள் வெளியே வரும்வரை சுடக் கூடாது என்று மகன் ராத்திரி முழுக்கக் காத்திருந்தானாம். அப்போதுதான் கையில் குண்டு பட்டது; கூட இருந்த ஒரு சிப்பாய் செத்துப்போனான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, தான் செய்தது சரிதானா என்று அப்பாவைக் கேட்டிருக்கிறான்.

"சரின்னுட்டேன் சார். இப்ப இதுல கையெழுத்துப் போட்டா, தப்புன்னு எழுதிக் கொடுத்த மாதிரில்லா ஆயிரும்."

வீட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். ஆடிட் ஆபீஸில் கணக்குப் பார்த்த பழக்கம்.

"மூணு. ஒரு கிழவி, ரெண்டு பிள்ளைங்க."

போனது ஒன்று, பிழைத்தது மூன்று. கணக்கு சரியாக வந்தது. ஆனாலும் விடாமல், கிழவி மட்டும் இருந்திருந்தால் என்றேன்.

"அப்பவும் காத்துத்தான் இருந்திருப்பான். நீங்க எண்ணுதீங்க சார். அவன் எண்ணலை."

அதுவரை "ஜல்தி, மேஜர் சாப்" என்று அவசரப்படுத்திய பஞ்சாபி நண்பர் எழுந்து அவருக்கு இடம் விட்டார். மகன் அடிபட்ட கோபத்தில் மேஜர் எதைக் கேட்டிருந்தாலும் நாங்கள் சரி என்றிருப்போம். அவர் எதையும் கேட்கவில்லை. அத்தனை பெரிய மனிதரோடு நான்கு வருஷம் நடந்திருக்கிறேன், தெரியாமலே.

மனுவில் கடைசிவரை யாருமே கையெழுத்துப் போடவில்லை. டைப் அடிக்க இருபது, ஜெராக்ஸுக்கு அறுபது. யாரிடமும் பங்கு கேட்கவில்லை. மொத்தம் எண்பது ரூபாய்.