பெயருக்குப் பின்னால் ஒரு 'தா'

ரயில் சலுகைப் படிவங்களின் புத்தகம் எங்கள் இருவருக்கும் நடுவில், மேஜையின் சரிபாதியில் இருக்கும். பூஜை விடுமுறைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஊருக்குப் போகும் மாணவர்களின் வரிசை கவுண்டரிலிருந்து மாடிப்படி வரை நீளும். பெயர், வயது, இறங்கும் நிலையம் ஆகியவற்றை நிரப்பிவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் அவர் புத்தகத்தை என் பக்கம் திருப்புவார். நான் அடையாள அட்டையோடு ஒப்பிட்டு முத்திரை குத்துவேன். கொல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் நான் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு மாணவிக்கு 'ஆண்' என்று குறித்திருந்ததைச் சுட்டிக்காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, "நல்லவேளை பார்த்தீங்க, ஷுந்தொர்தா" என்றார். அவர் பேசியது எப்போதும் வங்காளம்தான், தமிழாக்கி எழுதுகிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

என் பெயர் சுந்தரம். வங்காளி வாயில் அது ஷுந்தொர் ஆகிவிடும். அழகானவன் என்று பொருள். என் முகத்துக்குச் சற்றும் பொருந்தாத அந்தப் பெயரை வைத்து, "அழகு அண்ணா சீட்ல இருக்காரா?" என்று பியூன் தினமும் ஒரு முறையாவது கேட்பார். 'தா' என்பது தாதாவின் சுருக்கம், அண்ணன். அங்கே மூத்த ஆண்கள் எல்லோரும் பெயரோடு ஒரு தா. பெண்கள் எல்லோரும் ஒரு தீ, அதாவது தீதி, அக்கா. நான் அவரைத் தீதி என்றேன். இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

அப்பாவின் துறைமுக வேலைக்காக நாங்கள் பெஹாலா பகுதியில் குடியேறியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. வங்காளத்தைப் புத்தகம் வைத்துக் கற்றேன். வீட்டில் தமிழ்தான். அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பது கல்யாணமாகாத பெண் என்று தெரிந்ததும் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்.

"அவ உன்னை என்னன்னுடா கூப்பிடறா?"

"ஷுந்தொர்தான்னு."

"தான்னா?"

"அண்ணான்னு அர்த்தம்மா."

"அண்ணாவா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றவள், அன்று எனக்கு ஒரு கரண்டி நெய் அதிகமாக ஊற்றினாள். அவள் நிம்மதி அடைந்த அதே காரணத்துக்காக நான் கொஞ்சம் வாடினேன். நாட்குறிப்பில், 'சகோதர பாவத்துடன் பழகுகிறார்' என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். அடிக்கோடு அளவுகோல் வைத்துப் போட்டது.

ஆறு வருடங்கள் அந்த மேஜையில் எதிரெதிரே இருந்தோம். எங்கள் பிரிவுக்கு வருபவர்கள் விடுதி இடம் கேட்டும், தொலைந்த அடையாள அட்டைக்காகவும் வருவார்கள். சிலர் எதற்கு வந்தோம் என்று சொல்லத் தெரியாமல் நிற்பார்கள். அவர்களிடம் தீதி என்ன பிரச்சினை என்று கேட்டதே இல்லை. "எந்த ரயில்ல வந்தே?" என்று கேட்பார். அஸ்ஸாமிலிருந்து வந்த முதலாண்டு மாணவி ஒருத்தி படிப்பை விட்டுவிடும் படிவம் கேட்டு வந்தாள். எந்த ரயில் என்ற கேள்விக்கு ரயில் பெயரைச் சொன்னாள். அப்புறம் அது ஒன்பது மணி நேரம் தாமதமானதை, வழியில் எதிர் சீட்டுக்காரர்கள் தங்கள் சாப்பாட்டைப் பங்கிட்டுக் கொடுத்ததை, ஹவுராவில் இறங்கியதும் தன் பாஷையில் ஒரு சொல்கூடக் காதில் விழாததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. தீதி நடுவே ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. நாற்பது நிமிடம் கழித்து அவள் எழுந்து வகுப்புக்குப் போனாள். நான் எடுத்து வைத்திருந்த படிவத்தைத் தீதி பார்த்துவிட்டு, "அவ கேட்டதும் உடனே நீட்டிடுவீங்க போல! எதையும் கேட்டபடியே எடுத்துக்கறீங்க, ஷுந்தொர்தா" என்றார். அது பாராட்டு அல்ல என்று புரியவே எனக்குச் சில நாள் ஆனது.

ஒரு ஆடி மாதப் பிற்பகல். விடாத மழை, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், பேருந்துகள் நின்றுவிட்டன. அலுவலகத்தில் நாங்களும் பியூனும் மட்டும். பியூன் வாசலில் உட்கார்ந்து தண்ணீரின் ஏற்றத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். தீதி பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டுமா? என்னைத் தீதின்னு கூப்பிடாதீங்க. உங்களைவிட ரெண்டு வயசு சின்னவ நான். பேர் சொல்லுங்க."

"வேலையில் நாலு வருஷம் மூத்தவங்க ஆச்சே. மரியாதை வேண்டாமா, தீதி?"

அவர் பேனாவைத் திரும்பத் திறந்தார். "சரி, மரியாதையாவே இருங்க" என்று சிரித்தார். அன்றைய குறிப்பு: 'வயதைப் பற்றிய பேச்சை விரும்பாதவர் போலும். இனி கவனம் தேவை.'

அதற்கு அடுத்த வருடம் வடக்கே, அவருடைய சொந்த ஊருக்கு அருகில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. தாயார் அங்கே தனியாக இருந்தார். சேர ஒரு மாதம் அவகாசம். உத்தரவுக் கடிதத்தை என் முன் வைத்து, "போகட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க" என்றார். போகக் கூடாது என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. ஆனால் என்னை அண்ணன் என்று அழைக்கும் ஒரு பெண்ணிடம் எந்த உரிமையில் அதைச் சொல்வது? சொன்னால் அசிங்கம் என்று நினைத்தேன். அன்று மாலை உட்கார்ந்து ஒரு தாளை இரண்டு பத்திகளாகப் பிரித்தேன். போவதில் உள்ள நன்மைகள் இடப்புறம், இருப்பதில் உள்ளவை வலப்புறம். ஓய்வூதியம், தாயாரின் உடல்நிலை, பதவி உயர்வு, கரியாஹாட்டில் அவர் தங்கியிருந்த வீட்டின் ஈரச்சுவர் என்று எதையும் விடவில்லை. மறுநாள் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ரொம்பத் தெளிவா இருக்கு, ஷுந்தொர்தா" என்றார்.

இடப்புறத்தில் இரண்டு வரிகள் அதிகம் இருந்தன. அவர் போய்விட்டார்.

நான்கு வருடம் கழித்து ஆய்வு மாணவர்கள் இருவர் கவுண்டருக்கு வந்தார்கள், ஒரு பெண்ணும் ஆணும். தம்பதிகளுக்கான விடுதியில் அறை வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் வார்த்தைக்கு வார்த்தை அவனை 'ஒருண்தா' என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. விதியை எடுத்துக் காட்டி, அண்ணன் தங்கைக்கு அந்த விடுதியில் இடம் கிடையாது என்றேன்.

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அண்ணனா? கல்யாணமாகி மூணு மாசமாச்சு, ஸார்!"

"பிறகு ஏன் தா?"

"வேற எப்படிக் கூப்பிடறது? முதல் வருஷத்துலேர்ந்து ஒருண்தாதான். சீனியராச்சே."

பியூன் தலையில் அடித்துக்கொண்டார். "அழகு அண்ணா, இந்த ஊர்ல பாதிக் காதல் தாவுலதான் ஆரம்பிக்குது. இத்தனை வருஷமா இதுகூடத் தெரியாதா?"

தெரிந்திருக்க வேண்டும். வளாகத்தில் 'தா' போட்டுக் கூப்பிட்டுக்கொண்டு கைகோத்து நடந்தவர்களைப் பார்க்காதவனா நான்? வாய் வங்காளம் கற்றுக்கொண்டது. காது தமிழ்க் காதாகவே இருந்துவிட்டது. அவர்கள் ஊரில் தா யாரையும் அண்ணன் ஆக்கிவிடுவதில்லை. ஆனால் தன்னைவிடச் சின்னவளைப் பிடிவாதமாகத் தீதி என்று கூப்பிடுபவன் ஒரு கோடு போடுகிறான். கோட்டைப் போட்டவன் நான். அதை அழிக்கச் சொல்லி அந்த மழை நாளில் அவர் கேட்டிருக்கிறார். அந்தத் தம்பதிக்கு அறை ஒதுக்கும் தாளில் அன்று மூன்று இடங்களில் தவறு செய்தேன்.

இப்போது சலுகைப் படிவங்கள் கணினிக்குப் போய்விட்டன. வரிசைகள் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் அந்தப் பிரிவின் பொறுப்பாளராக இருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில், அந்த வடக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து எங்களிடம் வந்த மாணவி ஒருத்தியின் விடுதிச் சான்று வரவில்லை. கடிதத் தலைப்பிலிருந்த எண்ணை நானே அழைத்தேன். மறுமுனையில் குரல் கேட்டதும் தெரிந்துவிட்டது. பதினெட்டு வருடம் அதில் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. நான் அவருடைய பெயரைச் சொன்னேன். வெறும் பெயர், பின்னால் எதுவும் சேர்க்காமல். வாழ்க்கையில் முதல் தடவை.

"ஆமா, சொல்லுங்க. யார் பேசறது?" முன்பின் அறியாதவரிடம் பேசும் பணிவு.

"கொல்கத்தாவிலிருந்து சுந்தரம்."

"எந்தச் சுந்தரம், ஸார்?"

என் பெயரை முழுதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு வழியில்லை. நானே சேர்த்துச் சொன்னேன்: "ஷுந்தொர்தா."

"ஓ மா! ஷுந்தொர்தா!" ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, குரல் தணிந்து, "பேர் சொல்லிக் கூப்பிட்டது நீங்களா? நான் வேற யாரோன்னு நினைச்சேன்" என்றார்.

"நான்தான்" என்றேன்.

மறுமுனையில் பேனா மூடியைக் கழற்றும் ஓசை கேட்டது. மாணவியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். பதிவு எண்ணை நிதானமாக, ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.