கழுத்தைக் கழற்றியதும் தெரிந்த துரோகம்

இருபது வருடமாக நான் வெல்டன் கிட்டார் ரசிகன். நான் பினாங்கில் வாசித்தால் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் நிற்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். போட்டிக் கம்பெனியான ரோமாக் கிட்டார்காரர்களோடு ஒரே மேடையில் ஏறக்கூட மாட்டேன்.

இன்று சுங்கை பினாங்கில் ஒரு கடையில் என் கிட்டாரை ரிப்பேருக்குக் கொடுத்தேன். கடைக்காரர் கிட்டாரின் கழுத்தைக் கழற்றினார். உள்ளே ரோமாக் முத்திரை!

“அண்ணே, வெளிய இருக்கிற வெல்டன் பேரு வெறும் ஸ்டிக்கர் லா.”

அதை வாங்கித் தந்தவன் என் மனைவியின் தம்பி. அங்கிருந்தே போன் போட்டேன்.

“ஏன்டா இப்படிச் செஞ்ச?”

“வெல்டன் இல்லன்னா தொடமாட்டேன்னு அடம் பிடிச்சீங்க மாமா. எந்தக் கடையிலயும் இல்ல. ரோமாக்க வாங்கி ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். நீங்கதான் ஒரு தட்டு தட்டிட்டு, ‘இதான்டா வெல்டன் சவுண்டு’ன்னீங்க!”

சொந்த மச்சானே இப்படி முதுகில் குத்தினால் யாரை நம்புவது?

கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: “ஸ்டிக்கரப் பிச்சிரவாண்ணே?”

“இருக்கட்டும் லா. சனிக்கிழமை கல்யாணக் கச்சேரி இருக்கு.”

ரோமாக் நண்பர்களே, சிரித்து முடித்ததும் சொல்லுங்கள். நீங்களாக இருந்தால் பிய்த்திருப்பீர்களா?