அந்தமானுக்கு முன் ஒரு வேலை

முனிரத்தினத்துக்குப் பிடிவாதம் அதிகம். மனைவி சம்பாதித்துப் போட உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் நான் இல்லை என்பான். ஸ்வர்ணலதாவுக்கு அந்தமானில் நர்ஸ் வேலை கிடைத்தபோது பிச்சாட்டூரில் சொந்தபந்தமெல்லாம் சந்தோஷப்பட்டது. இவன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"நீ முன்னால போ. அங்க ஒரு வேலை கைக்கு வந்தப்புறம்தான் நான் பிளேன் ஏறுவேன்" என்றான். அவள் அழுதுகொண்டே கிளம்பிப் போனாள்.

திருப்பதி லாட்ஜுகளில் ஏசி ரிப்பேர் பார்ப்பது இவன் தொழில். கூட வேலை செய்கிற வெங்கட், ஐடிஐயில் ஒன்றாகப் படித்தவன். இவன் ஏணியில் ஏறினால் அவன் பிடித்துக்கொள்வான். அந்தமானில் வேலை கேட்டு முனிரத்தினம் மாதக்கணக்கில் போனிலேயே அலைந்ததில், கடைசியில் அங்கே ஒரு ரிசார்ட் மேனேஜர் சிக்கினார். வீடியோவில் பேசிப் பார்த்துவிட்டு, "முதலாளியைக் கேட்டுட்டுக் கூப்பிடறேன். வர்றேன், வரலைன்னு அப்பவே சொல்லிடணும்" என்றார்.

வேலை கிடைத்தால் மொட்டை என்று வேண்டுதல். கிடைத்த பிறகு அடித்தால் ஆகாதா? ஆகாதாம். கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டியிருக்கும், வேண்டுதலை முடிக்காமல் கடல் தாண்டினால் பெருமாள் சும்மா விடமாட்டார் என்று பயம். வேலை வருவதற்குள் முடியைக் கொடுத்துவிடலாம் என்று மலைக்குப் போனான். வெங்கட்டும் துணைக்கு வந்தான்.

தரிசன வரிசைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கவுண்டரில் கொடுத்தால் மேனேஜர் கூப்பிடும்போது யார் எடுப்பது?

"நீயே வெச்சிக்கடா. கூப்பிட்டா, சாமி பாக்கப் போய்க்கீறான், வந்து பேசுவான்னு சொல்லு."

"ஏம் காதுலே, ஒண்ணும் ஆவாது, நான் கீறேன் இல்ல. நீ நிம்மதியா போ."

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வெளியே வந்ததும் முதலில் கேட்டது அதைத்தான். யாரும் கூப்பிடவில்லை என்றான் வெங்கட். முனிரத்தினம் நம்பினான். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மேனேஜர் அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை. சென்னையில் மாமா கடைக்குப் போகிறேன் என்று வெங்கட் மூட்டை கட்டினான். இவன் பஸ் ஸ்டாண்டுவரை போய், வழியில் சாப்பிட இட்லி பார்சல் வேறு வாங்கிக் கொடுத்தான். அந்தப் பாவி கொஞ்சமும் கூசாமல் வாங்கிக்கொண்டான்.

சில நாள் கழித்து ஸ்வர்ணலதா கூப்பிட்டாள்.

"வெங்கட் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போனாரு. உங்களுக்குச் சொன்ன அதே ரிசார்ட்ல வேலையாம். நீங்க வேணாம்னதாலதான் அவருக்குக் கிடைச்சிச்சாம்."

"ஐயோ, பொய் சொல்றான்! எனக்கு போனே வரல!"

"நானும்தான் நம்பல. அந்த மேனேஜரையே போய்க் கேட்டேன். உங்க நம்பருக்குத்தான் கூப்பிட்டாராம். நான் வரல, என் கூட்டாளிய எடுத்துக்கோங்கன்னு நீங்களே சொன்னீங்களாம்."

முனிரத்தினம் மலை, வரிசை, மொட்டை, வெங்கட் கையில் கொடுத்த போன் என்று மூச்சு வாங்கச் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் காதுக்கே அது அப்போது கட்டிய கதைபோலத்தான் கேட்டது.

"இங்க வர இஷ்டமில்லன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ங்க. அந்த மனுஷன் மேல எதுக்குப் பழி போடறீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"இனிமே எனக்கோசரம் வேலை தேடிக்கினு இருக்காதீங்க."