நூல்காரரும் கோணல் படகும்

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறார். எழுந்து போய் அதன் இடது மூலையை விரலால் லேசாகத் தட்டுகிறார். திரும்பி வந்து உட்கார்ந்து, காத்திருக்கும் வாடிக்கையாளரிடம், "சொல்லுங்க சார், வண்டி எந்தப் பக்கம் இழுக்குது?" என்கிறார். வந்தவர் பதில் சொல்வதற்குள், கண்ணாடிக்கு வெளியே நிற்கும் காரின் முன் சக்கரங்களைப் பார்த்து முடித்திருப்பார்.

டயர் கடையில் அவருக்கு நூல்காரர் என்று பெயர். சக்கரங்களை நேராக்கும் மெஷின் வருவதற்கு முன்பு, காரின் பக்கவாட்டில் நூல் கட்டி அளந்து வேலை செய்தவர். மெஷின் வந்த பிறகும், யாரும் பார்க்காதபோது ஒருமுறை நூல் பிடித்துப் பார்த்துக்கொள்வார். "நம்பாம இல்லீங்க. அது சொல்றது சரிதான்னு சொல்ல அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல." அவர் மனைவிக்கு இந்தப் பட்டப்பெயரில் தனிக் குஷி. "என்கிட்டயும் நூல் விட்டுப் பாத்துதானே கட்டிக்கிட்டாரு" என்று விருந்தாளிகளிடம் சொல்லி, அவரைத் தண்ணீர் எடுக்க உள்ளே ஓட வைப்பார்.

முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, குனியவும் கூடாது குந்தவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர். நாற்காலியும் மேசையும் கொடுத்து பில் போடச் சொன்னார். ஆனால் ஸ்பேனர் பிடித்த கை பேனாவோடு அடங்கவில்லை. அந்தக் கை வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து கட்டியதுதான் படகு. ஒரு முழ நீளம், மெல்லிய பலகை, தட்டையான அடிப்பாகம், தக்காளிச் சிவப்பு. உள்ளே மோட்டாரும் பேட்டரியும். கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டலாம்.

பார்க்க அழகு. ஓட்டினால்தான் வினை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். பிறகு எதையோ மறந்துவிட்டதுபோல் ஒரு பக்கம் திரும்பும். அவர் எதிர்ப்பக்கம் திருப்பினால், கோபித்துக்கொண்டு அந்தப் பக்கமே முழுதாகச் சாய்ந்து ஓடும். "ஊர்ல ஓடுற காரெல்லாம் இவரு பேரைச் சொல்லி நேராப் போகுது. பெத்த படகு பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார் மனைவி.

ஞாயிறு காலைகளில் பூங்காக் குளத்தில் படகு விட ஒரு சிறு கூட்டம் உண்டு. பல் டாக்டர் ஒருவர், தையல்காரர் ஒருவர், நீதிமன்ற வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். இந்த மூவருக்கு நடுவில் மட்டும்தான் நூல்காரர் 'பில் போடுறவர்' இல்லை, படகுக்காரர். குளத்தின் ஒரு ஓரம் கோரைப்புல். அதில் நீர்க்கோழிகள் கூடு கட்டியிருந்தன. சிவப்புப் படகு இரண்டு முறை நேராக அங்கே போய்ப் புகுந்தது. அது நேராகப் போன சந்தர்ப்பங்கள் அவை மட்டுமே.

பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி அம்மாவுக்குப் பறவைகள்மீது பிள்ளைப் பாசம். குளத்தில் இரண்டு வரிசை மிதவை போட்டு ஒரு பாதை வகுத்துவிட்டார். "இதுக்குள்ள போய் அந்தக் கரையைத் தொடட்டும். இன்னொரு தடவ கூட்டுப் பக்கம் வந்துச்சுன்னா உங்க படகு மட்டுமில்ல, எல்லார் படகையும் நிறுத்திருவேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கடைசி வாய்ப்பு."

பல் டாக்டர் அவரைத் தனியே அழைத்து, தோளில் கை வைத்து, "நீங்க கண்டிப்பா வாங்க. படகு மட்டும் வேண்டாமே" என்றார். "பல்லைப் புடுங்கப் போறேன்னு சொல்றதும் இதே குரல்லதான் இருக்கும்" என்று வீட்டில் வந்து சொன்ன நூல்காரர், அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். காரில் திருப்புவது முன் சக்கரம். கோளாறும் முன்னால்தான் இருக்கும். எனவே படகின் மூக்குக்கு அடியில் மீன் துடுப்புபோல் ஒரு பித்தளைத் தகட்டைப் பொருத்தினார். பேட்டரியையும் முன்னே தள்ளி மூக்கை அழுத்தினார். ஊர் நீச்சல் குளத்துக் காவலாளி கடையின் பழைய வாடிக்கையாளர். திறப்பதற்கு முன் ஒருமுறை விட்டுப் பார்க்க அனுமதித்தார். படகு செக்குமாடாகச் சுற்றியது.

மறுநாள் மதியம் கடையில் படகைக் கவிழ்த்துப் போட்டு முறைத்துக்கொண்டிருந்தார். கிடங்கில் டயர் அடுக்குகளைத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டும் பெண் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, மூக்குத்தி முன்னாடி போட்டிருக்கீங்க?"

"முன்னாடிதானேம்மா நேரா நிக்கணும்?"

"இதுக்குச் சுக்கான் எங்க இருக்கு?"

"பின்னாடி."

அவள் பாத்திரத்தை மூடி வைத்தாள். "வாங்க, என் வண்டியில உக்காருங்க. மெதுவா ஓட்டுங்க. எதையும் இடிக்காதீங்க."

காலி முற்றம்தான். நூல்காரர் நேராகக் கிளப்பி, கார் ஓட்டும் நினைப்பில் வலப்பக்கம் ஒடித்தார். வண்டியின் மூக்கு சொன்னபடி வலப்பக்கம் போனது. பின்பக்கமோ இடதுபுறம் வீசி, அடுக்கியிருந்த டயர்களை அணைத்துக்கொண்டது. அடுக்கு சரிந்தது. டயர்கள் முற்றம் முழுக்க உருண்டன. ஒன்று வாசலைத் தாண்டி, வாடிக்கையாளர் ஒருவரின் காலடியில் போய்ப் படுத்தது.

"பாத்தீங்களா? இது பின் சக்கரத்துல திரும்புற வண்டி" என்றாள் அவள், சிரிப்பை அடக்காமல். "இதுல தலையைப் புடிச்சு ஒண்ணும் ஆகாது. தும்பை விட்டு வாலைப் புடிக்கிறது தப்புன்னு சொல்வாங்க. எனக்குச் சோறு போடுறதே அந்த வால்தான்."

நூல்காரர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலாளி வெளியே வந்து, உருளும் டயர்களையும் தன் பில் மேசைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "முழங்கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலையே மூக்குத்தி கழன்றது. அதைவிட நீளமான தகடு, படகின் வயிற்றுக்கு அடியில், பின்பாதியில் ஏறியது. நீரைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கட்டும் என்று சுக்கானையும் ஒரு விரல்கடை அகலமாக்கினார். சுக்கானை அசைக்கும் கம்பியில் ஆட்டம் இருந்தது, அதையும் இறுக்கினார். பேட்டரி நடுவுக்குத் திரும்பியது. பஞ்சர் பார்க்கும் தொட்டியில் மிதக்க விட்டு, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்வரை, எடைக்காகப் படகுக்குள் வைத்த ஈயத் துண்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி அவர் கையை முகர்ந்து பார்த்து, "பேனா மை இல்ல, ரப்பர் வாசனை. நல்லது" என்றார்.

ஞாயிறு காலை. மற்ற படகுகள் கரையேறியிருந்தன. தையல்காரர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். நீதிமன்ற அம்மா, "ஆரம்பிக்கலாமா?" என்றார், சாட்சியைக் கூண்டுக்கு அழைக்கும் குரலில். பல் டாக்டர் தன் படகின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். காவலாளி அம்மா கோரைப்புல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

சிவப்புப் படகு மிதவைகளுக்கு நடுவே புகுந்தது. ஒரு மிதவை, இன்னொரு மிதவை. பாதித் தூரத்தில் காற்று குறுக்கே அடித்தது. மூக்கு கோரைப்புல் பக்கம் ஒருமுறை திரும்பியது. காவலாளி அம்மா ஓரடி முன்னால் வந்தார். நூல்காரரின் கட்டைவிரல் ரிமோட்டின் பொத்தானுக்குப் போனது, ஆனால் அழுத்தவில்லை. பின்னாலிருந்த தகடு தண்ணீரைக் கவ்விக்கொள்ள, வால் நின்றது. மூக்கு தயங்கி, தானாகவே பாதைக்குத் திரும்பியது. பின்னால் நீண்ட நீர்க்கோடு நூல் பிடித்தாற்போல் இருந்தது.

"அட, கேக்குதே" என்றார் தையல்காரர்.

அக்கரைக்கு இன்னும் தூரம் இருந்தது. காற்றும் நின்றபாடில்லை. நூல்காரர் விந்தி விந்திக் கரையோரமாக நடந்து காவலாளி அம்மாவிடம் போனார். படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரிமோட்டை அந்த அம்மாவின் கையில் வைத்து, "நீங்களே ஓட்டுங்க, கூட்டுப் பக்கம் போகாது" என்றார்.