பன்னிரண்டு பிரபுக்களும் ஒரு நடைபாதையும்

சென்ற செவ்வாய்க்கிழமை என் மகள் மதுரா ஒரு முன்னாள் அமைச்சரிடம் கேள்வி கேட்டாள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பழைய வாசகர்களுக்குக் கதை தெரியும். மனோர் பார்க்கில், நடைபாதையில், பள்ளிவிட்டு வந்த பதினைந்து வயதுப் பிள்ளையை வாடகை எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று பின்னாலிருந்து மோதியது. கால் முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் மதுரா அந்தத் தெருவில் தனியாக நடப்பதை விட்டுவிட்டாள்.

இப்போது அந்த ஸ்கூட்டர்களைப் பற்றி நாடாளுமன்ற மேல்சபையான பிரபுக்கள் சபையின் பன்னிரண்டு பேர் குழு ஒன்று விசாரிக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வந்து பேசலாம் என்றார்கள். கடிதம் வந்த அன்றே நான் குழுவில் இருப்பவர்களை விசாரிக்கத் தொடங்கினேன்.

ஏன் கூடாது? ஒரு மாப்பிள்ளை பார்த்தால் பாரிஸ், டொரொன்டோ என்று இரண்டு மூன்று நாட்டில் விசாரிக்கிற ஆட்கள் நாங்கள். பிள்ளையின் காலைப் பற்றி முடிவெடுக்கப்போகிறவர்களை அப்படியே நம்பிவிடுவதா?

லூயிஷாமில் இருக்கும் குகன் அண்ணையைக் கூப்பிட்டேன். இருபது வருடமாகத் தேர்தலுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுப்பவர். எந்தக் கட்சிக்கு என்று கேட்டால், "இந்த வருஷமோ?" என்பார். அவரைவிடத் தகுதியான ஆள் யார்?

இருவருமாகப் பன்னிரண்டு பேரையும் தோண்டினோம். ஒருவரை மக்கள் மூன்று தேர்தலில் வேண்டாம் என்றார்கள். அவருடைய கட்சி, அப்படியென்றால் ஆயுள் முழுக்க மேல்சபையில் இரும் என்றுவிட்டது. இன்னொருவர் ஸ்கூட்டர் கம்பனி ஒன்றின் ஆலோசகர். அதை அவரே ஒளிவுமறைவில்லாமல் அறிவித்திருக்கிறார். அறிவித்துவிட்டால் குற்றமில்லையாம்... மூன்றாமவர் மூன்று கட்சி பார்த்துவிட்டு, இப்போது எந்தக் கட்சியும் சாராதவர்.

"தங்கச்சி, அந்தாள் கட்சி மாறேல்ல," என்றார் அண்ணை. "கட்சியள்தான் அவரைக் கண்டு ஓடினது."

நான்காமவர்தான் முக்கியம். இந்த ஸ்கூட்டர்களைத் தெருவில் விட அனுமதித்த அமைச்சர். ஹெல்மட் போட்டு, சிரித்துக்கொண்டு, முதல் ஸ்கூட்டரில் நின்று படமும் எடுத்தவர். இன்று அதை விசாரிக்கும் நீதிமான்களில் ஒருவர். கொளுத்தியவரையே தீயணைப்புக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள் — அவருக்கு அனுபவம் உண்டுதானே?

யாரிடம் எப்படிப் பேசுவது என்று கட்சிக்கு ஒரு நிறமாக நான்கு பக்கம் எழுதினேன். மதுராவை மனப்பாடம் செய்யச் சொன்னேன். அவள் அதை மடித்துப் பையில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை அறையில் அந்த முன்னாள் அமைச்சர் கனிவாகத்தான் கேட்டார்: இப்போது எப்படிப் பள்ளிக்குப் போகிறாய்?

நான் வாயைத் திறப்பதற்குள் மதுரா பதில் சொன்னாள். "அம்மா பின்னால் இருபதடி தள்ளி வருவார். நான்தான் வரச் சொன்னேன். சிநேகிதிகளுக்குத் தெரியாது."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தனை கட்சியும் ஒன்றுபட்டதை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அவள் மிக மரியாதையாகக் கேட்டாள்.

"அனுமதி கொடுக்கும் முன், நீங்கள் அந்த மாதிரி ஒரு தெருவில் நடந்து பார்த்தீர்களா?"

முன்னாள் அமைச்சர் தண்ணீர் குடித்தார். அன்றைய சூழல், நிபுணர்களின் அறிக்கை என்று ஏதோ சொன்னார். தலைவர் நன்றி கூறி அடுத்த குடும்பத்தை அழைத்தார்.

ஒவ்வொருவரது கட்சி, பதவி, கம்பனி எல்லாம் தேடியிருந்தேன். நடந்தாரா என்று தேட எனக்குத் தோன்றவேயில்லை.

திரும்பும் ரயிலில் மதுரா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "அம்மா, நாளைக்குப் பின்னால வராதேங்கோ. எனக்கு ஏலும்."

"ஓம்" என்றேன்.

மறுநாள் காலை அவளுக்குப் பின்னால் நான் போகவில்லை. தெருவின் அந்தப் பக்க நடைபாதையில், தலையில் ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு போனேன்.

வாக்குறுதியை இப்படிக் காப்பாற்றப் பிரபுவாகத்தான் இருக்க வேண்டுமா, என்ன?